ஐந்து வாட் போதாதா?



இசைக்குழு தொடங்க ஆசைப்படும் மாணவர்கள் இயற்பியல் ஆசிரியர்களிடம் இப்போதெல்லாம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சார், கிடாருக்கு ஒரு வால்வு ஆம்ப்ளிபயர் வாங்க வேண்டும். ஐம்பது வாட் போதுமா, நூறு வாட் வேண்டுமா?" நம் தருமபுரி மாவட்டத்தில் இன்று கிடார் அரிய கருவி அன்று. மாதாகோவில் பாடற்குழுவில் இருக்கிறது. பள்ளி ஆண்டு விழாவில் இருக்கிறது. திருமண வரவேற்பு மேடையிலும் இருக்கிறது. வெளிநாட்டுக் கலைஞர்கள் வாசிப்பதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, அவர்களுக்குப் பின்னால் நிற்கும் அந்தப் பெரிய பெட்டிதான் இசையின் இரகசியம் என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பயிலவும் சிறு மேடையில் வாசிக்கவும் 5 வாட் போதும். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் பெரும்பாலும் எண்ணுக்குக் கொடுக்கும் விலையே. இசைக்குக் கொடுக்கும் விலை அன்று. இதை நீங்கள் என் சொல்லுக்காக நம்ப வேண்டாம். பதினொன்றாம் வகுப்பு மடக்கை (லாகரிதம்) தெரிந்தால் போதும், நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஒரு சொல் விளக்கம். இக்கட்டுரையில் 'பெருக்கி' என்பது ஆம்ப்ளிபயர். ஒலியை வெளியிடும் கூம்புத்தாளுக்கு 'ஸ்பீக்கர்' என்றே எழுதுகிறேன். இரண்டையும் குழப்பிக் கொள்வதுதான் பல தவறான முடிவுகளுக்குக் காரணம்.

வால்வு என்பது என்ன?

உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். மர்பி, புஷ், பிலிப்ஸ் என்று பெயர் பொறித்த பழைய மரப்பெட்டி வானொலியைத் திருகியவுடன் அது பாடாது. உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் மெல்லச் சிவக்கும். அரை நிமிடம் போன பிறகுதான் குரல் வரும். அந்தக் கண்ணாடிக் குமிழ்களே வால்வுகள். டூரிங் டாக்கீஸ்களில் படம் பேசியதும் அவற்றின் தயவால்தான்.

வால்வின் உள்ளே காற்று அகற்றப்பட்டிருக்கும். நடுவில் உள்ள கேதோடு சூடாக்கப்படும்போது எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. சுற்றிலும் உள்ள தட்டுக்கு ஏறத்தாழ 250 வோல்ட் நேர்மின்னழுத்தம் தரப்படுவதால் எலெக்ட்ரான்கள் அதை நோக்கிப் பாய்கின்றன. இரண்டுக்கும் இடையில் கிரிட் எனப்படும் கம்பிச் சுருள் இருக்கிறது. ஏரி மதகின் பலகையைச் சிறிது ஏற்றி இறக்கினாலே பெரும் நீரோட்டம் கூடிக் குறைகிறது அல்லவா? அதே வேலையைத்தான் கிரிட் செய்கிறது. கிடாரின் எஃகுத் தந்தி காந்தப்புலத்தில் அதிரும்போது, பிக்கப் எனப்படும் கம்பிச் சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. இது பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல். நீங்கள் பாடத்தில் படித்ததுதான். அந்தச் சிறு அழுத்தம் மதகுப் பலகையை அசைக்கிறது. பெரு மின்னோட்டம் அதன்படி ஆடுகிறது.

பிளெமிங் 1904-ஆம் ஆண்டில் இரண்டு மின்வாய்கள் கொண்ட வால்வைச் செய்தார். லீ டி பாரஸ்ட் 1906-இல் மூன்றாவது மின்வாயைச் சேர்க்கும் வழியில் இறங்கினார். பெருக்கி என்ற கருவி பிறந்தது அங்கேதான். நம் நாட்டிலும் வால்வுகள் செய்யப்பட்டன. நமக்கு அண்டை நகரமான பெங்களூரில் 1954-இல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1961-ஆம் ஆண்டிலிருந்து வானொலி வால்வுகளை உற்பத்தி செய்தது. 1947-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், மெல்ல மெல்ல வால்வை வானொலியிலிருந்தும் திரையரங்கிலிருந்தும் விரட்டிவிட்டது. கிடார்க்காரர்கள் மட்டும் அதை விடவில்லை. ஏன் என்று பின்னால் பார்ப்போம். முதலில் வாட் கணக்கு.

வாட்டும் காதும்

50 வாட் பெருக்கி, 5 வாட் பெருக்கியைப் போலப் பத்து மடங்கு உரக்க ஒலிக்குமா? ஒலிக்காது! நம் காது கூட்டல் கணக்கில் கேட்பதில்லை; மடக்கைக் கணக்கில் கேட்கிறது. திறன் இரு மடங்கானால் ஒலி அளவு 3 டெசிபல் கூடும். திறன் பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். ஆனால் 10 டெசிபல் கூடினால்தான் நம் காதுக்கு 'இரண்டு மடங்கு உரப்பு' என்று தோன்றும். ஆக, 50 வாட் என்பது 5 வாட்டின் இரு மடங்கு உரப்பே. 10 வாட் என்பது 5 வாட்டைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

இப்போது ஸ்பீக்கரைக் கவனியுங்கள். ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் கேட்கிறது என்பதே அதன் உணர்திறன். 12 அங்குலக் கிடார் ஸ்பீக்கர் பலவற்றுக்கு இது 97 டெசிபல் அளவில் இருக்கும். 5 வாட் கொடுத்தால் மேலும் 7 டெசிபல் கூடி, 104 டெசிபல். திறந்த வெளியில் தொலைவு இரு மடங்காகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 98. 4 மீட்டரில் 92. 8 மீட்டரில் 86. 16 மீட்டரில் 80. இருவர் அருகருகே நின்று பேசும் பேச்சு 60 டெசிபல் அளவுதான். அப்படியானால் 5 வாட் பெருக்கி 16 மீட்டர் தொலைவில் இருப்பவரையும் பேசவிடாது! இதைத்தான் 'சின்னப் பெட்டி' என்று நாம் ஏளனம் செய்கிறோம்.

வீட்டில் எவ்வளவு வேண்டும்? ஒரு மீட்டர் தொலைவில் 75 டெசிபல் என்று வைத்துக் கொள்வோம். அடுத்த அறையில் அம்மா கடிந்து கொள்ளாத அளவு அது. 97-இலிருந்து 22 டெசிபல் குறைய வேண்டும். கணக்கிட்டால் ஏறத்தாழ ஒரு வாட்டில் 160-இல் ஒரு பங்கு வரும். அதாவது 6 மில்லிவாட்! நூறு வாட் பெருக்கி வாங்கி 6 மில்லிவாட்டில் வாசிப்பது, பேருந்து வாங்கி அதில் தினமும் ஒரு தேங்காய் ஏற்றிச் செல்வது போன்றது.

இன்னொரு பாடமும் இதில் இருக்கிறது. 94 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 97 டெசிபல் ஸ்பீக்கரைப் பொருத்தினால், பெருக்கியின் திறனை இரு மடங்காக்கியதற்குச் சமம். கடைக்காரர் வாட் எண்ணை மட்டும் சொன்னால், ஸ்பீக்கரின் எண்ணையும் கேளுங்கள். அதைச் சொல்ல முடியாத இடத்தில் அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

அப்படியானால் நூறு வாட் எதற்குப் பிறந்தது?

நல்ல கேள்வி. அமெரிக்காவில் லியோ பெண்டரின் நிறுவனம் 1940-களின் இறுதியில் மாணவர்களுக்காகவே சில வாட் அளவில் சிறிய வால்வுப் பெருக்கியை விற்றது. பின்னாளில் அது 'சாம்ப்' என்று பெயர் பெற்றது. இலண்டனில் டிரம் கடை நடத்திய ஜிம் மார்ஷல் 1962-இல் பெருக்கிகள் செய்யத் தொடங்கினார். 1960-களின் நடுவில் நூறு வாட் பெட்டிகள் வந்தன. காரணம் என்ன? அக்காலத்தில் அரங்கின் ஒலியமைப்பு பாடகரின் குரலை மட்டுமே ஏற்றுக் கொண்டது. கிடார் தன் பெட்டியைக் கொண்டே அரங்கம் முழுவதையும் நிரப்ப வேண்டியிருந்தது. 1965 ஆகஸ்டு 15 அன்று நியூயார்க்கின் ஷே மைதானத்தில் பீட்டில்ஸ் குழுவினர் 55,000-க்கு மேற்பட்டவர்களின் முன் வாசித்தார்கள். அவர்களுக்கென நூறு வாட் வாக்ஸ் பெருக்கிகள் செய்து தரப்பட்டிருந்தன. இருந்தும் இரசிகர்களின் கூச்சலில் அவர்களுக்கே தங்கள் இசை சரியாகக் கேட்கவில்லை!

இன்று அந்தத் தேவை இல்லை. நம்மூர் ஆண்டு விழாவுக்கு வரும் மைக் செட்காரரிடமே மைக்கும் கலவைப் பெட்டியும் பெரிய ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. உங்கள் 5 வாட் பெட்டியை ஒரு நாற்காலி மேல் வைத்து, அதன் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு கை அகலத்தில் ஒரு மைக்கை நிறுத்துங்கள். மண்டபத்தை நிரப்பும் வேலை மைக் செட்டுடையது. ஒலியின் குணத்தைத் தரும் வேலை மட்டும் உங்கள் பெட்டியுடையது. தேவை மறைந்த பின்னும் நூறு வாட் மோகம் மறையவில்லை. பழக்கத்துக்கு எப்போதுமே இயற்பியல் தெரிவதில்லை.

"பக்கத்தில் டிரம்ஸ் அடிக்கும்போது என் 5 வாட் எனக்கே கேட்காதே, சார்!" என்று நீங்கள் சொன்னால், அது நியாயமான மறுப்பு. பறைக்கும் டிரம்ஸுக்கும் நடுவே, மைக் வசதியும் இல்லாமல் வாசிக்க வேண்டும் என்றால் 15 வாட் வைத்துக் கொள்ளுங்கள். இது 5 வாட்டைவிட 5 டெசிபல் அதிகம். அதற்கு மேலும் வேண்டுமா? பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி உங்கள் காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள். பெட்டியிலிருந்து 2 மீட்டரில் நிற்பவர் 1 மீட்டருக்கு நெருங்கினாலே 6 டெசிபல் கிடைக்கும். நான்கு மடங்கு வாட் வாங்கியதற்குச் சமம், செலவோ இல்லை!

காதின் கணக்கு

இதுவரை சொன்னது பணத்தைப் பற்றி. இனிச் சொல்வது பணம் கொடுத்தாலும் திரும்ப வராத ஒன்றைப் பற்றி. உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. தொழிற்சாலைகளில் பணிபுரிவோருக்கு அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு நாளொன்றுக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி. 91-இல் 2 மணி. 94-இல் 1 மணி. 97-இல் அரை மணி. மேலே நாம் கணக்கிட்ட 104 டெசிபலில்? சுமார் 6 நிமிடம். 50 வாட்டின் 114 டெசிபலில்? அரை நிமிடத்துக்குச் சற்று மேல்! கிடார் ஒலி இடைவிடாமல் முழுத் திறனில் ஒலிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் வாசித்து முடித்த பின் காதில் 'கீ...' என்று ஓர் ஓசை தங்கினால், வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று காது சொல்கிறது. கேட்டுக் கொள்ளுங்கள்.

உங்கள் காது மட்டுமா? அண்டை வீட்டில் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் தங்கை ஒருத்தி இருப்பாள். காய்ச்சலில் படுத்த முதியவர் இருப்பார். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும்தான் வரம்பு. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. 5 வாட் முழுவதும் திருகப்பட்டால் 16 மீட்டரில் 80 டெசிபல் என்று பார்த்தோம். சட்டம் நம்மைவிட நன்றாகக் கணக்குப் போட்டிருக்கிறது.

வால்வின் இனிமை உண்மையா?

இப்போது கிடார்க்காரர்களின் பிடிவாதத்துக்கு வருவோம். பெருக்கியின் சக்திக்கு மீறி உள்ளீடு தரும்போது அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. பெரும்பாலான டிரான்சிஸ்டர் பெருக்கிகளில் இந்த வெட்டு அரிவாளால் வெட்டியது போலத் திடீரென விழும். வால்வில் மழுங்கிய மூலையாக, படிப்படியாக விழும். வெட்டுப்பட்ட அலையில் மேற்சுரங்கள் பிறக்கின்றன. கூர்மையான வெட்டு என்றால் உயர்ந்த வரிசை மேற்சுரங்கள் மிகுதி; மழுங்கிய வெட்டு என்றால் தாழ்ந்த வரிசை மேற்சுரங்கள் மிகுதி.

இதை நம் இசை மொழியில் சொல்லலாம். ஸட்ஜம் 200 ஹெர்ட்ஸ் என்று கொள்ளுங்கள். இரண்டாம் மேற்சுரம் 400. அது மேல் ஸட்ஜம். மூன்றாவது 600, அது மேல் பஞ்சமம். நான்காவது 800, மீண்டும் ஸட்ஜம். ஐந்தாவது 1000, அந்தர காந்தாரம். தம்புராவை மீட்டும்போது கேட்கும் அதே உறவுகள்! ஏழாவதான 1400-க்கு வந்தால், கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே, எதிலும் ஒட்டாமல் நிற்கும். அதற்கு மேலும் ஒட்டாதவை பல உண்டு. தாழ்ந்தவை மிகுந்தால் ஒலி செழிக்கும். உயர்ந்தவை மிகுந்தால் கரகரக்கும். ஆகவே வால்வின் இனிமை கட்டுக்கதை அன்று.

ஆனால் அதைச் சுற்றிக் கட்டுக்கதைகளும் உண்டு. 'வால்வு என்றாலே இரட்டைப்படை மேற்சுரங்கள்தாம்' என்பது பாதி உண்மை. ஒரே ஒரு திறன் வால்வு உள்ள 5 வாட் பெருக்கியில் அலையின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே மாதிரி வளைவதில்லை. எனவே இரண்டாம் மேற்சுரம் தலைதூக்கும். பெரிய பெருக்கிகளில் இரண்டு வால்வுகள் எதிரெதிராகத் தள்ளி இழுக்கும். அந்த அமைப்பில் அவ்வால்வுகள் உண்டாக்கும் இரட்டைப்படை மேற்சுரங்கள் ஒன்றையொன்று பெரிதும் அழித்துவிடும். புகழ்பெற்ற பெரிய பெட்டிகள் பல இந்த வகையே! 'இரண்டாம் மேற்சுரத்துக்காக' நூறு வாட் வாங்குபவர், தான் தேடியதை அழிக்கும் பெட்டியை வாங்குகிறார்.

முக்கியமான இன்னொரு செய்தி. இந்த மழுங்கிய வெட்டு பெருக்கி தன் எல்லையை நெருங்கும்போதுதான் முழுதாகக் கிடைக்கும். 5 வாட் பெட்டி அந்த எல்லையை ஒரு சிறு மண்டபத்தில் எட்டும். நூறு வாட் பெட்டியை அந்த எல்லைக்கு இழுத்துச் செல்ல வேண்டுமானால் ஊரையே காலி செய்ய வேண்டும். வால்வின் குணத்தை விரும்புகிறவர்தான் சிறிய பெட்டியை முதலில் நாட வேண்டும் என்பதே இதன் பொருள். வீட்டுக்கு 5 வாட்டும் அதிகம் என்பதால், அரை வாட்டுக்குக் குறைத்துக் கொள்ளும் சுவிட்ச் உள்ளதா என்று பாருங்கள். இதனால் 10 டெசிபல் குறையும்.

நம் இசைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று எண்ணாதீர்கள். மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) எட்டுத் தந்தி மாண்டலினை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினைக் கையாண்டார். சாதாரண மாண்டலினில் மீட்டிய ஒலி சட்டென்று மடிந்துவிடும். கமகத்துக்கு நேரம் போதாது. பிக்கப்பும் பெருக்கியும் மடிகிற ஒலியைத் தாங்கிப் பிடித்தன. அவருக்குப் பெருக்கி ஒலியைக் கூட்டும் கருவி மட்டும் அன்று. ஒலியை நீட்டும் கருவி. மேடையில் எத்தனை வாட் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை; எத்தனை நுணுக்கம் என்றே கேட்டார்கள்.

பெட்டிக்குள் ஒரு சிறு கணக்கு

5 வாட் பெட்டிகள் பலவற்றில் இருக்கும் ஈ.எல். 84 என்ற வால்வை எடுத்துக் கொள்வோம். தட்டில் 250 வோல்ட், 48 மில்லிஆம்பியர். பெருக்கினால் 12 வாட். அதில் ஏறத்தாழ 5 வாட்தான் ஒலிக்கு உதவும், மீதி வெப்பம். சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட்டில் 0.76 ஆம்பியர், அதாவது இன்னும் 5 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. அந்த 5 வாட் ஒலித்திறனும் ஸ்பீக்கரில் 3 சதவீதம் அளவுக்கே காற்றின் அதிர்வாகிறது. வீணாவது எவ்வளவு பாருங்கள்! டிரான்சிஸ்டர் வென்றதில் வியப்பில்லை.

வால்வுக்கு வேண்டிய மின்னெதிர்ப்பு ஏறத்தாழ 5000 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். இடையில் ஒரு மின்மாற்றி வேண்டும். 5000-ஐ 8-ஆல் வகுத்தால் 625. அதன் வர்க்க மூலம் 25. சுற்றுகளின் விகிதம் 25-க்கு 1. பன்னிரண்டாம் வகுப்பு மின்மாற்றிப் பாடம் உங்கள் மேசை மேல் உட்கார்ந்து பாடுகிறது! இந்த மின்மாற்றிதான் பெட்டியின் எடைக்கும் விலைக்கும் பெரிய காரணம். இதை மலிவாகச் செய்தால் தாழ்ந்த சுரங்கள் மெலிந்து போகும்.

உயிரோடு விளையாடாதீர்கள்

கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்கக் கூடாது.

ஒன்று: வால்வுப் பெருக்கியின் உள்ளே 250 முதல் 350 வோல்ட் நேர்மின்னோட்டம் இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகள் அதைப் பிடித்து வைத்திருக்கலாம். பின்பலகையைக் கழற்றி 'பார்க்க' வேண்டாம். பழுது பார்ப்பது பழகியவர் வேலை.

இரண்டு: கிடாரின் தந்திகள் கேபிளின் உறைக்கம்பி வழியாகப் பெருக்கியின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. அந்தச் சட்டம் நில இணைப்புப் பெறாமல் மின்கசிவும் நேர்ந்தால், நீங்கள் தொட்டுக் கொண்டிருப்பது தந்தியை அன்று, மின்சாரத்தை! 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிடார்க் கலைஞர், நில இணைப்பில்லாத மைக்கைத் தொட்டு மின்தாக்குண்டு இறந்தார். நம் திருவிழா மேடைகளை நினைத்துப் பாருங்கள். ஒரு கம்பி ஜெனரேட்டரிலிருந்து, இன்னொன்று பக்கத்து வீட்டுச் சன்னல் வழியாக, மூன்றாவது முனை முறிக்கப்பட்ட பிளக், ஈரத் தரை. மூன்று முனை பிளக்கின் பெரிய முனையே உங்கள் உயிர்க்காப்பு. இரு முனை மாற்றி போட்டு அதை ஏமாற்றாதீர்கள். மைக்கும் கிடார்ப் பெட்டியும் நில இணைப்புள்ள ஒரே இடத்திலிருந்து மின்சாரம் பெற வேண்டும். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவி இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்த மேடையில் வாசிக்க மறுப்பது கோழைத்தனம் அன்று.

மூன்று: வெளிநாட்டு உறவினர் அன்போடு கொண்டு வரும் பெட்டி 120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பின்புற எழுத்தைப் படிக்காமல் செருகாதீர்கள்.

நான்கு: ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வுப் பெருக்கியை வாசிக்கவே கூடாது. போக வழியில்லாத ஆற்றல் மின்மாற்றியின் முதன்மைச் சுருளில் பேரழுத்தமாக எழும்பி, அதையே எரித்துவிடும்.

எதை வாங்கலாம்?

வால்வைப் புகழ்ந்த பின் இப்படிச் சொல்வது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். உங்கள் முதல் பெருக்கி வால்வாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே என் கருத்து. சிறிய வால்வுப் பெருக்கியின் விலை, அதே அளவு டிரான்சிஸ்டர் பெருக்கியின் விலையைப் போல் சில மடங்கு. கிடார் பெருக்கிகளுக்கான வால்வுகள் இன்று பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாகியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்தே வருகின்றன. திறன் வால்வு தேய்ந்தால் மாற்ற வேண்டும். தருமபுரியில் அதைத் தேடுவதைவிடப் பெங்களூருக்குப் பேருந்து ஏறுவது எளிது. அந்தப் பணம் ஒரு குடும்பத்தின் பல வாரக் கூலி. அப்பாவிடம் கேட்குமுன், அதில் எத்தனை மாத இசைப் பயிற்சிக் கட்டணம் அடங்கும் என்று கணக்கிடுங்கள். சிறு டிரான்சிஸ்டர் பெட்டியும், வால்வின் வளைவைக் கணிப்பொறிக் கணக்கால் போலச் செய்யும் எண்ணியல் பெட்டியும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தாராளமாகப் போதும். விரல்கள் இன்னும் கற்காததை எந்த வால்வும் வாசித்துவிடாது.

பள்ளி அல்லது மாதாகோவில் இசைக்குழு ஒன்று பொதுவாக ஒரு பெட்டி வாங்குவதானால், ஒரு 5 வாட் வால்வுப் பெட்டியை மனமார ஆதரிப்பேன். பத்துப் பேர் இசைக்குப் பயன்படுத்தலாம். பத்துப் பேர் இயற்பியலுக்குப் பயன்படுத்தலாம். எலெக்ட்ரான் உமிழும் கேதோடைக் கண்ணால் காட்டும் கருவி இன்று நம் ஆய்வகங்களிலேயே அருகிவிட்டது!

எதை வாங்கினாலும் கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லி, நீங்கள் திரும்பி நின்று கேளுங்கள். எந்தப் பெட்டி என்று அவர் சொல்லக் கூடாது. அதற்கு முன், கைப்பேசியின் ஒலியளவுச் செயலியைக் கொண்டு இரண்டு பெட்டிகளையும் ஒரே டெசிபலுக்குக் கொண்டு வாருங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருப்பதைக்கூட நம் காது 'உரக்க' என்று சொல்லாது. 'இனிமை' என்று சொல்லிவிடும். கடைக்காரர் கை திருகும் இடம் அதுதான். பத்து முறை மாற்றி மாற்றிக் கேளுங்கள். பத்தில் ஒன்பது முறை ஒரே பெட்டியை உங்கள் காது தேர்ந்தால், அதை வாங்குங்கள். ஐந்து முறை இது, ஐந்து முறை அது என்றால், விலை குறைந்ததை வாங்குங்கள். மிச்சப் பணத்துக்கு நல்ல தந்திகள் வாங்குங்கள்.

இனி உங்கள் முறை. உங்கள் ஊர்க் கோவில் திருவிழாவில் ஒலிக்கும் மைக் செட் எத்தனை வாட் என்று அதை இயக்குபவரிடம் கேட்டு எழுதுங்கள். ஸ்பீக்கரின் உணர்திறனையும் கேளுங்கள். பள்ளிக்கூட வாசல் எத்தனை மீட்டர் என்று அடியளந்து பாருங்கள். அங்கே எத்தனை டெசிபல் இருக்கும் என்று மடக்கை அட்டவணை கொண்டு கணக்கிட்டு, பிறகு செயலியால் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் எவ்வளவு ஒத்துப் போகின்றன, எங்கே வேறுபடுகின்றன, ஏன் என்று உங்கள் ஆசிரியரோடு பேசுங்கள். அந்த எண்ணைக் கண்ட பிறகும் யாராவது "நூறு வாட் போதுமா?" என்று கேட்டால், அவருக்குப் பதில் சொல்ல நான் தேவையில்லை, நீங்களே போதும்.